‘அட்வான்ஸ் கட்டிட்டோம் தம்பி’

பிளஸ் டூ பரீட்சை முடிந்த மறுநாளே நமக்கெல்லாம் ஒரு கௌரவப் பதவி வந்துவிடும். கழுத்தில் இன்ஜினியரிங் காலேஜ் ஐ.டி. கார்டு தொங்கினால் போதும், வேறு தகுதி எதுவும் கேட்க மாட்டார்கள். சித்தி பையன், அப்பாகூட வேலை பார்ப்பவரின் பொண்ணு, ஊரில் மளிகைக்கடை வைத்திருக்கும் மாமாவின் மச்சினன் மகன் என்று வரிசையாகப் போன் வரும். "நீதான் இன்ஜினியரிங் படிக்கிறியே, எந்தக் காலேஜ்ல போடலாம்னு சொல்லுப்பா." நாமும் கையில் இருக்கும் ரெண்டு அரியரை ஓரமாக வைத்துவிட்டு, துணைவேந்தர் தோரணையில் பதில் சொல்ல ஆரம்பிப்போம்.

அந்தப் பதவியைக் கொஞ்சம் சீரியஸாக எடுத்துக்கோங்க என்று கேட்கத்தான் இந்தக் கட்டுரை. நீங்க அஞ்சு நிமிஷத்தில் சொல்லி முடிக்கிற பதிலை நம்பி எதிர்முனையில் ஒரு குடும்பம் நகையை அடகு வைக்கப் போகலாம். ஏன்னா நமக்குப் போன் வருகிற வீடுகள் பெரும்பாலும் கேட்பதற்கு வேறு ஆள் இல்லாத வீடுகள். அண்ணன் சாஃப்ட்வேர் கம்பெனி, அக்கா டாக்டர் என்றிருக்கும் வீட்டிலிருந்து யாரும் மூன்றாம் வருஷ மெக்கானிக்கல் பையனுக்குப் போன் போட்டு யோசனை கேட்பதில்லை.

இதில் சங்கடம் என்னன்னா, அந்தப் போன் பல நேரம் லேட்டாத்தான் வரும். "அட்வான்ஸ் கட்டிட்டோம் தம்பி, காலேஜ் எப்படி இருக்கும்?" பிளஸ் டூ ரிசல்ட் வருவது மே மாதம். கவுன்சலிங் நடப்பது ஜூலை, ஆகஸ்ட் வாக்கில். அட்வான்ஸ் கட்டியது பிப்ரவரியில், பையன் பரீட்சைக்கே போகாதபோது.

அட்மிஷனைப் பற்றியும் ஃபீஸைப் பற்றியும் நம் வீடுகளில் உலவும் தப்பான நம்பிக்கைகள் ஏராளம். எல்லாவற்றையும் பட்டியல் போட ஆசை இல்லை. ஆனால் நான் கேட்டவரை அவற்றில் முக்கால்வாசி ஒரே இடத்தில்தான் கொண்டுபோய் நிறுத்தும்: ரிசல்ட் வரும் முன்னாலேயே மேனேஜ்மென்ட் சீட்டுக்கு முன்பணம். அந்த ஒரு காரியத்தால் போவது அட்வான்ஸ் தொகை மட்டும் இல்லை. நாலு வருஷத்துக்கு அரசாங்கம் கட்டத் தயாராக இருந்த பணமும் சேர்ந்து போகுது. அது பல வீடுகளுக்குத் தெரியவே தெரியாது.

உங்க கிளாஸில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் மூணு பேரை நினைச்சுக்கோங்க. ஒரே புரொஃபசர், ஒரே லேப், கடைசியில் கையில் வாங்கப்போகும் டிகிரியும் ஒன்றே. ஃபீஸ் மட்டும் வேற வேற. முதல் ஆள் ஆறாம் வகுப்பிலிருந்து பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்து, 2021-ல் கொண்டுவந்த 7.5 சதவீத ஒதுக்கீட்டில் கவுன்சலிங் மூலம் வந்தவர். அவருடைய கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசு கட்டுது. ரெண்டாவது ஆள், வீட்டில் முதல்முதலாகப் பட்டம் வாங்கப்போகிறவர். அவரும் கவுன்சலிங்கில் வந்தவர். மூணாவது ஆள் மேனேஜ்மென்ட் கோட்டா.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். சுயநிதிக் கல்லூரிகளுக்குக் கட்டண நிர்ணயக் குழு 2017-ல் சொன்ன தொகை இது: கவுன்சலிங் சீட்டுக்கு வருஷத்துக்கு 50,000 ரூபாய், என்.பி.ஏ. அங்கீகாரம் பெற்ற பிரிவாக இருந்தால் 55,000. மேனேஜ்மென்ட் சீட்டுக்கு 85,000, அங்கீகாரம் இருந்தால் 87,000. முதல் பட்டதாரி என்றால் கவுன்சலிங் கட்டணத்தில் 25,000 குறையும். ஆக அங்கீகாரம் பெற்ற பிரிவில் ரெண்டாவது ஆள் வருஷத்துக்கு 30,000 கட்டுவார், நாலு வருஷத்துக்கு 1,20,000. பக்கத்தில் இருப்பவர் நாலு வருஷத்துக்கு 3,48,000. வித்தியாசம் 2,28,000 ரூபாய். ரசீது போட்டு வாங்கும் பணத்துக்கான கணக்குதான் இது. ரசீது இல்லாமல் ‘டொனேஷன்’ என்று வாங்குவது இதில் சேராது. அப்படி வாங்குவதைத் தடை செய்யும் சட்டம் தமிழ்நாட்டில் 1992-லிருந்து இருக்கு. இருக்கு, அவ்வளவுதான்.

இந்த மூணாவது ஆளும் வீட்டில் முதல் பட்டதாரியாக இருக்கலாம் என்பதுதான் நெஞ்சைப் பிசையும் விஷயம். அப்பா கொத்தனார், அம்மா நூறு நாள் வேலைக்குப் போகிறவங்க. ஆனாலும் அவருக்கு அந்த 25,000 கிடைக்காது. முதல் பட்டதாரிச் சலுகை ஒற்றைச் சாளர முறையில், அதாவது கவுன்சலிங்கில் வந்தவர்களுக்கு மட்டும்தான். 7.5 சதவீதமும் அப்படித்தான். ஆளைப் பார்த்து வரும் சலுகை என்று நாம நினைக்கிறோம். உண்மையில் அது நாம் உள்ளே வரும் வாசலைப் பார்த்து வருது. பிப்ரவரியில் அட்வான்ஸ் கட்டும் அப்பாவிடம் இதைச் சொல்ல அந்த ஆஃபீஸில் யாருக்கும் அக்கறை இல்லை. சொன்னால் அவங்களுக்கு ஒரு சீட் குறையும்.

முதல் பட்டதாரிச் சலுகை பற்றிப் பேச்சு வந்ததால் ஒரு விஷயம். "அது எஸ்.சி., எஸ்.டி.க்குத்தானே", "நாங்க வருமான வரம்பைத் தாண்டிட்டோமே" என்று சொல்லி விண்ணப்பிக்காமலேயே விட்டவங்க இருக்காங்க. 2010-ல் தொடங்கிய இந்தச் சலுகைக்குச் சாதியும் கிடையாது, வருமான வரம்பும் கிடையாது. குடும்பத்தில் அதுவரை யாரும் பட்டதாரி இல்லை என்பதற்கு வருவாய்த் துறையின் சான்றிதழ் வேணும், இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கலாம். ஒரு குடும்பத்தில் ஒரு பிள்ளைக்குத்தான் கிடைக்கும். அக்கா பி.எஸ்சி. முடித்திருந்தால் தம்பிக்கு இல்லை. வருமான வரம்பு இருப்பது வேற உதவித்தொகைக்கு: பட்டியலின, பழங்குடியின மாணவர்களுக்கான போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகைக்குக் குடும்ப வருமானம் வருஷத்துக்கு 2.5 லட்சத்துக்குள் இருக்கணும். இந்த ரெண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்வதில்தான் பல பேருக்குக் கைக்கு வரவேண்டியது நழுவுது.

இன்னொரு குழப்பம், ‘யுனிவர்சிட்டி’ என்ற போர்டு. நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் தமிழ்நாடு அரசின் கவுன்சலிங்குக்குள் வருவதே இல்லை. அவங்க நுழைவுத்தேர்வு தனி, ஃபீஸ் தனி. நல்லதா கெட்டதா என்பது வேற பேச்சு. அங்கே சேர்ந்தால் மேலே சொன்ன முதல் பட்டதாரிச் சலுகை கிடையாது, அதைத் தெரிந்துகொண்டு சேரட்டும்.

சரி, அப்படியிருந்தும் ஏன் ஓடிப்போய் அட்வான்ஸ் கட்டுறாங்க? பயம். "இப்ப விட்டா சீட் போயிடும்." இந்தப் பயத்தை நம்ம அப்பாக்கள் சும்மா பிடித்துக்கொள்ளலை. அவங்க காலத்தில் அது உண்மை. 1984-க்கு முன்னால் சுயநிதிக் கல்லூரிகளுக்கே அனுமதி இல்லை, கையில் எண்ணிவிடும் அளவுக்குத்தான் கல்லூரிகள். அப்புறமும் வெகுநாள் நுழைவுத்தேர்வு என்று ஒன்று இருந்தது, 2007-ல்தான் ஒழிந்தது. 2018-ல் ஆன்லைனுக்கு மாறும் வரை கவுன்சலிங் என்றால் பஸ் ஏறிச் சென்னைக்குப் போய், அண்ணா பல்கலைக்கழகத்தில் திரையைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்து, கண் முன்னால் சீட் ஒவ்வொன்றாகத் தீர்வதைப் பார்க்கணும். அந்த நடுக்கம் போகுமா?

ஆனா இன்றைய நிலைமை அது இல்லை. ஒவ்வொரு வருஷமும் கவுன்சலிங் முடிந்த பிறகு பல்லாயிரம் இடங்கள் காலியாகக் கிடக்கு. சில கல்லூரிகளில் சேர்ந்தவர்கள் எண்ணிக்கையை விரல்விட்டு எண்ணிவிடலாம். இன்ஜினியரிங் சீட் என்பதற்கு இப்போது தட்டுப்பாடு கிடையாது. குறிப்பிட்ட நாலைந்து கல்லூரிகளில், குறிப்பிட்ட ஒன்றிரண்டு பிரிவுகளில்தான் தட்டுப்பாடு. "இந்தக் காலேஜ், இந்த கம்ப்யூட்டர் சயின்ஸ், வேற எதுவும் வேணாம், பணம் இருக்கு" என்று சொல்லும் வீடு மேனேஜ்மென்ட் கோட்டாவில் போகட்டும், அதில் தப்பே இல்லை. நம்ம காலேஜிலும் அப்படி வந்த நண்பர்கள் இருக்காங்க, யாரையும் குறை சொல்ல நான் இதை எழுதலை. ஆனால் பேர் தெரியாத ஒரு கல்லூரியில், கவுன்சலிங்கில் கடைசிச் சுற்று வரை காலியாகவே கிடக்கப்போகும் ஒரு சீட்டுக்கு, பிப்ரவரியில் அட்வான்ஸ் கட்டுவது இருக்கே, அதற்கு என்ன நியாயம்? வேலிக்கு அந்தப் பக்கம் சும்மா கிடைக்கும் சரக்கை இந்தப் பக்கம் நின்று காசு கொடுத்து வாங்குவதுதானே அது?

பயத்தின் அடுத்த பாதி கட்-ஆஃப். இந்த ஒரே வார்த்தையை நாம ரெண்டு அர்த்தத்தில் புழங்குறோம், குழப்பமே அங்கேதான். ஒன்று, பையனின் சொந்த மதிப்பெண்: கணக்கு 100-க்கு அப்படியே, இயற்பியலில் பாதி, வேதியியலில் பாதி, மொத்தம் 200. கணக்கில் 92, இயற்பியலில் 84, வேதியியலில் 88 என்றால் 92-ம் 42-ம் 44-ம் சேர்ந்து 178. ரெண்டாவது, "அந்தக் காலேஜ் கட்-ஆஃப் 185" என்று சொல்றோமே, அது. இது காலேஜ் போட்ட கோடு இல்லை. போன வருஷம் அந்தக் கல்லூரியில், அந்தப் பிரிவில், அந்த இடஒதுக்கீட்டுப் பிரிவில் கடைசியாகச் சேர்ந்தவர் வாங்கிய மார்க், அவ்வளவுதான். இந்த வருஷம் யாரெல்லாம் வருவாங்க, வினாத்தாள் எப்படி வந்தது என்பதைப் பொறுத்து அது ஏறும், இறங்கும். 2021-ல் கொரோனாவால் பொதுத்தேர்வே நடக்கலை. பத்தாம் வகுப்பு, பிளஸ் ஒன் மார்க்கையும் பிளஸ் டூ செய்முறை, அகமதிப்பீட்டு மார்க்கையும் வைத்துக் கணக்கிட்டுக் கொடுத்தார்கள். அந்த வருஷத்துக் கட்-ஆஃபை அடுத்த வருஷத்து மார்க்கோடு ஒப்பிட்டால் என்ன அர்த்தம்? அதனால் ஒப்பிடும்போது மார்க்கை விட்டுவிட்டு ரேங்கை எடுக்கச் சொல்லுங்க. போன வருஷம் அந்த சீட் எந்த ரேங்க் வரை போனது என்பது மார்க்கைவிட நம்பகமான தகவல். ரேங்க் லிஸ்ட் வரும்வரை அந்த ஒப்பீட்டையே செய்ய முடியாது என்பதும் இதிலேயே தெரியும். பிப்ரவரியில் "உங்க பையனுக்குக் கவுன்சலிங்ல கிடைக்காது சார்" என்று அடித்துச் சொல்கிறவர் எதை வைத்துச் சொல்றார்?

அப்புறம் சாய்ஸ் ஃபில்லிங். நம்ம ஆளுங்க சொல்லும் அறிவுரையிலேயே அதிகச் சேதம் செய்வது இதில்தான். "கிண்டியெல்லாம் முதல்ல போடாத, கிடைக்காது, சாய்ஸ் வேஸ்ட். கிடைக்கிறதை முதல்ல போடு." தப்பு, சுத்தத் தப்பு. நாம கோடு எழுதத் தெரிந்தவங்கதானே, அந்த சாஃப்ட்வேர் என்ன செய்யும் என்று யோசித்தாலே போதும். ரேங்க் வரிசையில் ஒரு மாணவரை எடுக்கும். அவர் பட்டியலில் முதலில் உள்ள இடம் காலியா என்று பார்க்கும். காலி என்றால் கொடுத்துவிட்டு அடுத்த மாணவருக்குப் போகும். இல்லை என்றால் அதே மாணவரின் ரெண்டாவது இடத்தைப் பார்க்கும், அப்புறம் மூணாவது. ஒரு லூப்புக்குள் இன்னொரு லூப். உங்க சித்தி பையன் கிண்டியை முதலில் போட்டதால் ரெண்டாவதாகப் போட்ட காலேஜ் கோவிச்சுக்கொண்டு சீட்டை வேறு யாருக்கும் கொடுத்துவிடாது. அவனுக்குப் பின்னால் உள்ள ரேங்க்காரர் அதே காலேஜை முதலிடத்தில் போட்டிருந்தாலும் அவன் முறை முடிந்த பிறகுதான் அவர் முறை வரும். மாறாக, "கிடைக்கிறதை" முதலில் போட்டால் அது கிடைத்துவிடும், அதற்குக் கீழே உள்ள நல்ல இடங்களை சாஃப்ட்வேர் திரும்பிக்கூடப் பார்க்காது. ஆகவே ஆசைப்படும் வரிசையில் போடணும். எத்தனை வேணும்னாலும் போடலாம், உச்சவரம்பு இல்லை. சேரவே விருப்பமில்லாத காலேஜை மட்டும் போடக் கூடாது.

இதோடு ஒட்டிய ரெண்டு சின்ன விஷயம். பெயரைப் பார்த்து சாய்ஸ் போடக் கூடாது, கல்லூரிக் கோடு எண்ணைப் பார்த்துப் போடணும். ஒரே சாமி பேரில் எத்தனை இன்ஜினியரிங் காலேஜ் இருக்கு என்று எண்ணிப் பாருங்க, புரியும். அடுத்தது, சீட் ஒதுக்கீடு வந்த பிறகு குறிப்பிட்ட கெடுவுக்குள் உறுதி செய்யணும். கிடைத்ததை வைத்துக்கொண்டு மேலே உள்ள சாய்ஸ் காலியானால் அதற்கு நகரவும் வழி இருக்கு. கெடுவைத் தவறவிட்டால் சீட் போச்சு. இங்கேதான் உண்மையிலேயே சீட் போகும். ஆனா இதைப் பற்றி யாரும் பயப்படுவதில்லை!

ஓ.சி. என்றால் ‘முற்பட்ட வகுப்பினருக்கான கோட்டா’ என்று நினைப்பவர்கள் நம் கிளாஸிலேயே இருக்காங்க. தமிழ்நாட்டில் 69 சதவீதம் இடஒதுக்கீடு, மீதி 31 சதவீதம் ஓப்பன் காம்பெடிஷன், அதாவது பொதுப் போட்டி. அது எல்லோருக்கும் பொது. பி.சி., எம்.பி.சி., எஸ்.சி. மாணவர் ரேங்க் இருந்தால் அந்த 31-க்குள்ளேயே வருவார், அப்படி வந்தால் அவர் சமூகத்துக்கான இடம் அடுத்தவருக்கு மிச்சம். "நமக்கு இருக்கிற சீட் இவ்வளவுதான்" என்று ஒரு வீடு சுருங்கிப்போய் அட்வான்ஸ் கட்டுவதற்கு இந்தத் தப்பெண்ணமும் ஒரு காரணம். கவுன்சலிங்குக்கு விண்ணப்பிக்கப் பெரிய செலவும் இல்லை. கட்டணம் சில நூறு ரூபாய், மாவட்டம்தோறும் உதவி மையங்கள் உண்டு. அதற்கு ஒரு கன்சல்டன்சிக்காரரிடம் ஆயிரக்கணக்கில் அழ வேண்டிய அவசியம் என்ன?

இப்போது கடனுக்கு வருவோம். இங்கே தப்பெண்ணம் ரெண்டு துருவத்தில் இருக்கு. ஒரு கூட்டம், "பேங்க்ல சொத்துப் பத்திரம் கேப்பான், நமக்கெல்லாம் தரமாட்டான்" என்று சொல்லி நேரே வட்டிக்கு விடுபவரிடம் போகும். இன்னொரு கூட்டம், "வாங்கிப் போடு, எலெக்ஷன் வந்தா தள்ளுபடி ஆயிடும்" என்று சொல்லும். ரெண்டுமே குடும்பத்தைக் கவிழ்க்கும்.

முதல் கூட்டத்துக்கு: வங்கிகளின் மாதிரிக் கல்விக்கடன் திட்டப்படி 4 லட்சம் வரை சொத்து அடமானமோ மூன்றாம் நபர் ஜாமீனோ தேவையில்லை, பெற்றோர் இணைக் கடன்தாரராகக் கையெழுத்துப் போட்டால் போதும். 2015-லிருந்து மத்திய அரசின் கடன் உத்தரவாத நிதி இருப்பதால் 7.5 லட்சம் வரைகூட அடமானம் இல்லாமல் தர வழி இருக்கு. மேனேஜர் வாய்மொழியாக "இல்லப்பா" என்று சொன்னதும் திரும்பி வந்துவிடக் கூடாது. வித்யா லக்ஷ்மி போர்ட்டலில் ஒரே விண்ணப்பத்தை மூணு வங்கிக்கு அனுப்பலாம், விண்ணப்பித்ததற்குப் பதிவும் இருக்கும். நிராகரித்தால் காரணத்தை எழுத்தில் கேட்கணும். எழுத்தில் கேட்டதும் பல கிளைகளில் பேச்சின் தொனியே மாறும்.

ரெண்டாவது கூட்டத்துக்கு ஒரு கணக்கு. வருஷத்துக்கு ஒரு லட்சம் வீதம் நாலு லட்சம் கடன், வட்டி 10 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். படிக்கும் நாலு வருஷமும் முடித்த பின் ஒரு வருஷமும் தவணை கட்ட வேண்டாம் என்பதால் பல பேர் அந்தக் காலத்துக்கு வட்டியே இல்லை என்று நினைக்கிறாங்க. வட்டி முதல் நாளிலிருந்தே ஓடும். முதல் லட்சம் அஞ்சு வருஷம் நிற்கும், தனி வட்டி 50,000. ரெண்டாவது லட்சத்துக்கு 40,000, அடுத்தது 30,000, கடைசி லட்சத்துக்கு 20,000. மொத்தம் 1,40,000. ஆக முதல் இ.எம்.ஐ. கட்டும் நாளில் கடன் 4 லட்சம் இல்லை, 5,40,000. பத்து வருஷத் தவணை என்றால் மாசம் 7,100 ரூபாய்க்கு மேல். முதல் வேலையில் கைக்கு இருபது, இருபத்தஞ்சு ஆயிரம் வந்து, அதில் சென்னையிலோ பெங்களூருவிலோ வாடகையும் கொடுத்து, இதையும் கட்டணும்.

இந்த 1,40,000 ரூபாயை அரசாங்கமே கட்டிவிடும் திட்டம் ஒன்று 2009-லிருந்து இருக்கு. குடும்ப வருமானம் வருஷத்துக்கு 4.5 லட்சத்துக்குள் இருந்தால், தவணை ஆரம்பிக்கும் வரையிலான வட்டி முழுவதையும் மத்திய அரசு ஏற்கும். அப்போது கடன் 4 லட்சமாகவே நிற்கும், தவணையும் மாசம் 5,300 ரூபாய்க்குள் இருக்கும். ஆனால் கல்லூரிக்கு நாக் அங்கீகாரமோ, பாடப்பிரிவுக்கு என்.பி.ஏ. அங்கீகாரமோ இருக்கணும். வருமானச் சான்றிதழை வங்கியில் கொடுத்து, திட்டத்தில் பதிவு செய்யச் சொல்லிக் கேட்கணும். கேட்காதவர்களுக்குக் கிடைக்காது. 2024 நவம்பரில் ஒப்புதல் பெற்ற பி.எம். வித்யாலக்ஷ்மி திட்டம் தரவரிசையில் முன்னணியில் உள்ள கல்வி நிறுவனங்களுக்கானது. அதில் வருமானம் 8 லட்சம் வரை உள்ளவர்களுக்கு 3 சதவீத வட்டி மானியம் உண்டு. அங்கேயும் மெரிட் அடிப்படையில் சேர்ந்திருக்கணும் என்பது நிபந்தனை. பாருங்க, மறுபடியும் வாசல்தான் பேசுது. ரசீது இல்லாமல் கொடுத்த டொனேஷனுக்கு எந்த வங்கியும் கடன் தராது என்பதையும் இங்கே சேர்த்துக்கோங்க. அந்தப் பணம் எப்போதும் நகையிலிருந்தோ, நிலத்திலிருந்தோ, மாசம் மூணு வட்டியிலிருந்தோதான் வரும்.

ஏற்கெனவே அட்வான்ஸ் கட்டிவிட்டார்கள், கவுன்சலிங்கில் இப்போது நல்ல இடம் வந்திருக்கு, என்ன செய்யலாம்? "ஒரிஜினல் சர்டிஃபிகேட் காலேஜ்ல மாட்டிக்கிச்சு தம்பி" என்பார் அப்பா. இந்த ஒரு வரியால் வழியை அடைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடும் வீடுகள் நிறைய. அசல் சான்றிதழ்களைச் சரிபார்த்துவிட்டுத் திருப்பித் தரணும், பிடித்து வைக்கக் கூடாது என்று யு.ஜி.சி. 2018-லேயே அறிவித்திருக்கு. ஏ.ஐ.சி.டி.இ. விதியும் அதேதான் சொல்லுது. சேர்க்கைக்கான கடைசித் தேதிக்கு முன் விலகினால் அதிகபட்சம் ஆயிரம் ரூபாய் பிடித்துக்கொண்டு மீதியைத் திருப்பிக் கொடுக்கணும் என்பதும் ஏ.ஐ.சி.டி.இ. விதி. ஆஃபீஸில் சிரித்துக்கொண்டே கொடுத்துவிடுவார்கள் என்று நான் சொல்லலை. விலகல் கடிதத்தைத் தேதியோடு எழுத்தில் கொடுக்கணும், நகலில் முத்திரை வாங்கணும், மறுத்தால் ஏ.ஐ.சி.டி.இ.க்குப் புகார் போடணும். கொத்தனார் வேலைக்குப் போகும் அப்பாவால் ஒருநாள் கூலியை விட்டுவிட்டு இதெல்லாம் அலைய முடியாது. நாம அலையலாம். அந்தக் கடிதத்தை எழுதிக் கொடுக்க நமக்கு அரை மணி நேரம் ஆகுமா?

கொஞ்சம் கசப்பான ஒரு விஷயத்தையும் பேசிவிடுவோம். "ஒரு அட்மிஷன் கொண்டு வந்தா இவ்வளவு" என்று ஏப்ரல், மே மாதங்களில் சீனியர்களுக்கு வரும் வாட்ஸ்அப் மெசேஜை உங்களில் சிலர் பார்த்திருப்பீங்க. புரோக்கர் என்று சொல்லாமல் ‘ரெஃபரன்ஸ்’ என்று கௌரவமாகச் சொல்வாங்க. ஊரிலிருந்து போன் போடும் மாமா உங்களை வீட்டுப் பிள்ளையாக நினைத்துத்தான் கேட்கிறார். அவரிடம் அட்வான்ஸ் கட்டச் சொல்லிவிட்டு அந்தப் பக்கம் கமிஷன் வாங்கினால், அவர் பையன் இழக்கும் 2,28,000-ல் உங்க பங்கு எவ்வளவு என்று நீங்களே வகுத்துப் பார்த்துக்கோங்க. இதற்கு மேல் அதைப் பற்றி எழுத எனக்கு விருப்பம் இல்லை.

கடைசியா, ஏற்கெனவே உள்ளே வந்துவிட்ட நமக்கு. எந்தக் கோட்டாவில் வந்திருந்தாலும் ரெண்டாம் வருஷத்திலோ மூன்றாம் வருஷத்திலோகூட மீதியுள்ள ஃபீஸுக்குக் கல்விக்கடன் கேட்கலாம். முதல் வருஷமே வாங்கியிருக்கணும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. ஆறு முதல் பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்த பெண்களுக்கு 2022-லிருந்து புதுமைப் பெண், பசங்களுக்கு 2024-லிருந்து தமிழ்ப் புதல்வன், ரெண்டிலும் மாசம் 1,000 ரூபாய். அரசு உதவிபெறும் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவங்களும் இப்போது அதில் உண்டு. நம்ம பேட்ச்சிலேயே இதற்கு விண்ணப்பிக்காமல் இருப்பவர்கள் இருக்காங்க, கேட்டால் "அதெல்லாம் ஆர்ட்ஸ் காலேஜுக்குடா" என்கிறாங்க. இல்லை, இன்ஜினியரிங்குக்கும்தான். ஆதார் இணைத்த வங்கிக் கணக்கும் பள்ளிச் சான்றிதழும் எடுத்துக்கொண்டு காலேஜ் ஆஃபீஸில் ஸ்காலர்ஷிப் பார்ப்பவரிடம் போங்க. மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் போகாதீங்க, ஆள் இருக்க மாட்டார்.